வரலாறு படிக்கட்டுமா? கறுப்பின உரிமைப் போராட்டத்தை எழுதியவர்கள் எப்படித் தொடங்கினார்கள்?

பீடோங் பெண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் கெடா, பீடோங் பக்கம். முன்பு ரப்பராக இருந்து இப்போது முழுக்கச் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்துக்கு வெளியே, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்தாகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் சில வாரந்தான் இருக்கிறது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா பாலர் பள்ளியில் உதவியாளர். கணக்கியல் போடு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு வரலாறு படிக்க வேண்டும். சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் படிவத்தில் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டியபோது ஃபேன்னி லூ ஹேமர் என்ற அம்மாவைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம், பருத்தித் தோட்டம். 20 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர், ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். பிறகு ஒரு தோட்டத்தில் 18 வருடம் வேலை, அதில் ஆட்களின் நேரக் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. அதாவது நம் பக்கத்தில் செக்ரோல் எழுதுகிற மாதிரி. 1962 ஆகஸ்டில், ஓட்டுரிமைக்குப் பதிந்துகொள்ள வேறு 17 பேரோடு பஸ் ஏறி இண்டியனோலா என்ற ஊருக்குப் போகிறார். திரும்பி வந்ததும் தோட்ட முதலாளி, ஒன்று மனுவைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு என்கிறார். அன்று ராத்திரியே அவர் வெளியேறிவிட்டார்.

இதைப் படித்தபோது என் கண்ணில் தெரிந்தது தோட்டத்தில் கொடுத்த பாட்டியின் லயத்து வீடு. வேலை போனால் வீடும் போகும் என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த விஷயம். பாட்டி 30 வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். ஆனால் ஹேமர் அம்மா எத்தனை மணிக்கு எங்கே போனார், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பாட்டியைப் பற்றி ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தானே அது இருக்கிறது? அப்படி எழுதுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள் யார், எப்படித் தொடங்கினார்கள், எதை வைத்துச் சாப்பிட்டார்கள்? என்னைப் போல் ஒருத்தியால் அது முடியுமா? பாட்டியைப் போனில் 40 நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (சுங்கை சிப்புட்) எழுதியது:

மகளே, நல்ல கேள்வி கேட்டாய். தமிழ்ப்பள்ளியில் 33 வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றாசிரியரைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஜான் ஹோப் ஃபிராங்க்ளின். 1915இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், கறுப்பர்கள் மட்டும் வாழ்ந்த ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அம்மா ஆசிரியை, அப்பா வக்கீல். 1921இல் டல்சா நகரத்தில் கறுப்பர்கள் இருந்த பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. அப்பா அப்போதுதான் அந்த நகரத்துக்குப் போய்த் தொழில் தொடங்கியிருந்தார், குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள இருந்த நேரம். எல்லாம் போனது. அவர் ஊரை விட்டு ஓடவில்லை. கூடாரம் போட்டு அதற்குள் மேசையை வைத்து வழக்கு நடத்தினார், எரிந்த இடத்தில் மக்கள் மறுபடி வீடு கட்டுவதைத் தடுத்த நகராட்சி விதியை எதிர்த்து வென்றார். குடும்பம் அவரோடு போய்ச் சேர 1925 ஆகிவிட்டது. இதைப் பார்த்து வளர்ந்த பையன்.

பையனுக்கும் வக்கீலாகத்தான் ஆசை. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் தியடோர் கரியர் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியரின் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தார், மனம் மாறிவிட்டது. மேற்படிப்புக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது, கையில் பணம் இல்லை. அந்தப் பேராசிரியர் தன் பேரில் 500 டாலர் கடன் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மாணவனுக்காகக் கடன் வாங்கின ஓர் ஆசிரியர்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1939இல் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் வட கரோலினா மாநிலத்து ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார். அங்கே இருந்த அதிகாரி, இந்தக் கட்டடத்தைக் கட்டும்போது ஒரு கறுப்பர் இங்கே வந்து ஆராய்ச்சி செய்வார் என்று யாருமே நினைக்கவில்லை, எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்கிறார். வெள்ளையர் இருக்கும் வாசிப்பு அறையில் உட்கார விட முடியாது. எதிரே இருந்த ஒரு சின்ன அறையைக் காலி பண்ணி, மேசை நாற்காலி போட்டு, ஏடுகள் இருக்கும் கிடங்கின் சாவியையும் கையில் கொடுத்தார்கள், ஏனென்றால் வெள்ளைக்கார ஊழியர்கள் ஒரு கறுப்பருக்கு ஏடு எடுத்துக் கொடுக்கமாட்டார்களாம். ஃபிராங்க்ளின் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய் வேண்டியதையெல்லாம் எடுத்து வந்து படித்தார். இரண்டே வாரம். மற்ற ஆய்வாளர்கள், அவனுக்குச் சாவி, எங்களுக்கு இல்லையா என்று புகார் செய்ய, சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

எனக்கு அந்தச் சாவிதான் மனத்திலேயே நிற்கிறது. ஏடு யார் கையில், சாவி யார் கையில் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி. நம் தோட்டங்களிலும் அப்படித்தானே? காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்ட செக்ரோல், சம்பளப் புத்தகம், ஆஸ்பத்திரிக் கணக்கு எல்லாம் ஆபீசில் இருந்தது. நான் பிறந்த தோட்டம் கைமாறியபோது ஆபீசுக்குப் பின்னால் மூன்று நாள் புகை வந்தது, பழைய கணக்குப் புத்தகங்களை எரித்தார்கள். அதில் என் அப்பா பேரும் இருந்திருக்கும்.

ஃபிராங்க்ளின் 1947இல் வெளியிட்ட, அமெரிக்கக் கறுப்பர்களின் முழு வரலாற்றைச் சொல்லும் புத்தகம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1953இல், பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று வழக்காடிய தர்குட் மார்ஷல் குழுவுக்கு வரலாற்று ஆதாரங்களைத் தேடிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருடம் தீர்ப்பு வந்தது. அதாவது பழைய ஏட்டைப் புரட்டியவர்கள் சட்டத்தையே மாற்றுவதற்குக் கை கொடுத்தார்கள். 1965இல் மற்ற வரலாற்றாசிரியர்களோடு, ஓட்டுரிமை கேட்டுப் போன மாண்ட்கோமரி ஊர்வலத்திலும் நடந்தார். அப்புறம் இன்னொன்று, அவர் ஆர்க்கிட் வளர்ப்பதில் பெரிய ஆள், அவர் பேரிலேயே ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. என் வீட்டு வாசலிலும் ஆர்க்கிட்தான், அதனால் சொன்னேன்.

கிள்ளான் குமாஸ்தா எழுதியது:

தங்கச்சி, வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் உண்மை. நான் சோற்றுப் பக்கத்தைப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் கேள்வியும் நியாயமானதுதான்.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். இப்போது கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் குமாஸ்தா. பட்டம் முடித்து 14 மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன், அந்த நாட்களில் அம்மா முகத்தைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதையும் கவனியுங்கள். ஐயா சொன்ன ஃபிராங்க்ளின் சாப்பிட்டது புத்தகத்தால் இல்லை, வாத்தியார் வேலையால். சின்னச் சின்னக் கறுப்பினக் கல்லூரிகளில் வகுப்பு எடுத்தார், பிறகு ஹோவர்ட் பல்கலைக்கழகம், 1956இல் நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரி, 1964இல் சிக்காகோ, 1980களில் டியூக். புரூக்ளினில் அவர் வரலாற்றுத் துறைத் தலைவரானது பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அதே ஊரில் வீடு வாங்கப் போனால் விற்க ஆள் இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். மனைவி நூலகராக வேலை பார்த்தார். ஒரே சம்பளத்தில் ஓடிய குடும்பம் இல்லை அது.

அதனால் அப்பாவிடம் வரலாறு என்று மட்டும் சொல்லாதீர்கள். வரலாறும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த படிப்பு எங்கே இருக்கிறது, கல்விக் கடனை எத்தனை வருடத்தில் கட்ட வேண்டும், மாதம் எவ்வளவு வெள்ளி என்று ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள். லோரி ஓட்டுகிறவருக்குக் கணக்கு புரியும். நான் என் அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை, சண்டைதான் போட்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

ஏடு தேடி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் கோலாலம்பூரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன், பாதி நாள் ஆவணக் காப்பகத்தில்தான். நீங்கள் கேட்ட துறைக்கே நேராக உரிய ஒருவர் உண்டு, கிளேபோர்ன் கார்சன். 1963இல் கறுப்பர் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குப் போனபோது அவருக்கு 19 வயது. கூட்டத்தில் ஒருவராக நின்றவர் பிறகு அந்தப் போராட்டத்தையே ஆராயும் வேலைக்கு வந்தார். ஆனால் அவர் முதலில் எழுதியது மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி இல்லை. ஸ்னிக் என்று கூப்பிடப்பட்ட மாணவர் அமைப்பைப் பற்றி. கிராமம் கிராமமாகப் போய்த் தங்கி, ஹேமர் அம்மா போன்றவர்களை ஓட்டுரிமைக்குப் பதிய வைத்த இளைஞர்கள் அவர்கள். அந்த ஆய்வு 1981இல் புத்தகமானது. தலைவர் ஒருவர் வந்து மக்களை எழுப்பினார் என்று சொல்வதைவிட, எழுந்து நின்ற மக்கள்தான் தலைவரை உண்டாக்கினார்கள் என்பது அவர் பார்வை. பஸ்ஸில் கறுப்பர்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்த மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 381 நாள் நடந்தது. பஸ்ஸில் இடத்தை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான ராத்திரி ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை கல்லூரி இயந்திரத்தில் விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டுத்தாள் அச்சடித்தார். 26 வயது கிங் அதற்குப் பிறகுதான் தலைவராகிறார்.

இப்படி எழுதியவரைத்தான் 1985இல் கிங்கின் மனைவி கொரெட்டா கூப்பிட்டு, என் கணவரின் கடிதங்களையும் உரைகளையும் தொகுத்துக் கொடுங்கள் என்று கேட்டார். கார்சன் தயங்கித்தான் ஏற்றார். ஸ்டான்ஃபோர்டில் இருந்தே வேலை. முதல் தொகுதி 1992இல் வந்தது, ஏழாவது 2014இல். திட்டமோ 14 தொகுதி. ஒரு மனிதரின் 39 வருட வாழ்க்கையைத் தொகுக்க, அதைவிட நீண்ட காலம் ஆகிறது. ஒரு கடிதத்துக்குத் தேதி போடக்கூட நாள் கணக்கில் தேடுவார்கள்.

இதில் நான் மறக்கவே முடியாத இரண்டு விஷயம். ஒன்று, கிங் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் பிறர் எழுதிய பகுதிகளைச் சொல்லாமல் எடுத்தாண்டிருப்பதை இந்தத் தொகுப்புக் குழுவே கண்டுபிடித்தது. நினைத்துப் பாருங்கள், வேலை கொடுத்தது அந்தக் குடும்பம், நாடே கும்பிடும் மனிதர், வெளியே சொன்னால் எதிரிகள் கொண்டாடுவார்கள். 1990இல் அது செய்தியாகி ஊர் முழுக்கப் பேச்சானது. மறு வருடம் பல்கலைக்கழகக் குழு விசாரித்து, பட்டத்தைப் பறிக்க வேண்டாம், நூலகத்தில் இருக்கும் பிரதியோடு ஒரு கடிதம் இணைத்தால் போதும் என்றது. கார்சன் அந்தப் பகுதிகளை எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்ற குறிப்போடு தொகுதியில் அச்சிட்டார். பிரியத்துக்குரியவர் என்பதற்காக ஏட்டை மறைக்கவில்லை, ஏட்டில் இருக்கிறது என்பதற்காக மனிதரைத் தூக்கி எறியவும் இல்லை. உங்கள் பாட்டியின் கதையிலும் உங்களுக்குப் பிடிக்காத ஒன்று வரும். வரும்போது வெட்டாதீர்கள்.

இரண்டாவது, 1997இல் கொரெட்டாவின் வீட்டு நிலவறையில் ஓர் அட்டைப் பெட்டி கிடைத்தது. கிங் தன் பிரசங்கங்களுக்கு எழுதி வைத்த குறிப்புகள் அதில் இருந்தன. அத்தனை வருடமாக வீட்டிலேயே இருந்திருக்கிறது! பாட்டி வீட்டில் தகரப் பெட்டி இருக்கும், கேட்டுப் பாருங்கள். சிவப்பு அடையாளக் கார்டு, கப்பல் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா ரசீது, கல்யாணப் பத்திரிகை, எதுவாக இருந்தாலும் சரி. தொடும் முன்பு இருந்தபடியே படம் எடுங்கள்.

பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். இன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. அடுத்த முறை தொடங்கும்போது தேதி, ஊர், பாட்டி பேர், யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கஷ்டப்பட்டீர்களா பாட்டி என்று கேட்டால் ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். விடிகாலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் போகும். அவர் நிறுத்தினால் நீங்களும் பேசாமல் இருங்கள், பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் முக்கியமானது வரும். எழுதும்போது அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், மங்கு, உளி, ஒட்டுப்பால் என்றால் அப்படியே. யாருக்கெல்லாம் இதைக் காட்டலாம் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதிந்துகொள்ளுங்கள்.

தீம்பார் மகன் எழுதியது:

எல்லாரும் அமெரிக்காவையே பேசுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும். கறுப்பர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றி இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்து என்று கேட்டார்கள். அதோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ (தோட்டத்துக் கணக்கர்) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், ராணுவம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள்.

பஸ்ஸில் எழுந்திருக்கமாட்டேன் என்று ரோசா பார்க்ஸ் சொன்னது 1955. சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்று நம் ஆட்கள் சொன்னது அதற்கு 14 வருடம் முன்னால். அந்த அம்மா பேர் என் பிள்ளைக்குத் தெரிகிறது, நாதன் பேர் தெரியவில்லை. வரலாறு படியுங்கள் தங்கச்சி, ஆனால் நம் கதையை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (சுங்கை சிப்புட்) எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்களைப் படிப்பதால் நாம் நம்மை மறப்பதில்லை. ஜேம்ஸ் லாசன் என்ற அமெரிக்கக் கறுப்பர் நாக்பூரில் தங்கி காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு போய்த்தான் அமெரிக்காவின் நாஷ்வில் மாணவர்களுக்கு அறப்போராட்டப் பயிற்சி கொடுத்தார். கிங்கும் 1959இல் இந்தியாவுக்கு வந்து ஏறக்குறைய ஒரு மாதம் சுற்றினார். அவர்கள் நம் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு தங்கள் ஊரில் போராடினார்கள். நாம் அவர்களிடமிருந்து எழுதும் முறையை எடுத்துக்கொள்வோம். நாதனைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள். உங்கள் பிள்ளைக்கு இன்று ராத்திரியே சொல்லுங்கள்.

ஏடு தேடி எழுதியது:

1941 பற்றித் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆங்கிலப் பத்திரிகை அந்தச் சம்பவங்களை எப்படிச் சொன்னது, தமிழ்ப் பத்திரிகை எப்படிச் சொன்னது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கச்சி, பல்கலைக்கழகத்தில் சேரும் முன்பே நீங்கள் செய்யக்கூடிய வேலை இது.

பீடோங் பெண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கிள்ளான் அண்ணன் சொன்னபடி தாளில் எழுதி அப்பா முன்னால் வைத்தேன். மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள், ஆசிரியர் பயிற்சியோடு என்றால் முதல் தேர்வாகவே போடு, கணக்கியல் இரண்டாவதாக இருக்கட்டும் என்றார். போட்டுவிட்டேன்.

பிறகு தீம்பார் அண்ணன் எழுதிய சைக்கிள் விஷயத்தைப் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி பிறந்தது 1944, அதனால் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏடு தேடி அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பாட்டி சொன்னார்: "எங்கப்பா கடைசி வரைக்கும் எறங்கித்தான் நிப்பாரு. எறங்க வேணாம்னு ஆனதுக்கு அப்புறமும் எறங்குவாரு. பழக்கம். நான் பின்னாடி உக்காந்திருப்பேன், என்னையும் எறக்கிவிடுவாரு." இதைச் சமையலறையில் இருந்து அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே இது தெரியாதாம்.

தகரப் பெட்டியும் இருக்கிறது. சித்தப்பா வீட்டில், பாடாங் செராயில். உள்ளே ஒரு சம்பளச் சீட்டும், பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் ஒரு படமும் இருப்பதாகப் பாட்டி சொல்கிறார், படத்தில் பாட்டி மூன்றாவது. அடுத்த ஞாயிறு போகிறோம், அப்பா லீவு போட்டுவிட்டார்.

ஒரு உதவி. 1960களில் பீடோங், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களில் செக்ரோல் எழுதிய கிராணிமார் யாராவது இப்போதும் இருந்தால், அல்லது உங்கள் தாத்தா அந்த வேலையில் இருந்திருந்தால், இங்கே ஒரு வரி எழுதுங்கள். பேரையோ முகவரியையோ பொதுவில் போட வேண்டாம். எந்த ஊர் என்று மட்டும் சொன்னால் போதும், நாங்கள் வந்து பார்க்கிறோம்.